பழைய சத்திரத்தை அரசுப் பாதுகாப்புச் சின்னமாக அறிவிக்க வைப்பது எப்படி? டெல்டாக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஊரில் ஒரு பழைய சத்திரம் இருக்கிறது, அல்லது படித்துறையோடு ஒரு மண்டபம். வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக இடிந்து விழுகிறது. அரசு எடுத்துப் பாதுகாத்தால் நல்லது என்று நான்கு பேருக்குத் தோன்றுகிறது. உடனே எல்லோரும் செய்வது மனு எழுதுவது. என் கணக்கில் மனு ஆறாவது வேலை.

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் இப்படிச் சில மனுக்களோடு நான் அலைந்திருக்கிறேன். முதல் மனு மூன்று மாதம் கழித்து "இவ்வலுவலக வரம்பிற்கு உட்பட்டதல்ல" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. கீழே இருக்கும் வரிசை, அதற்கப்புறம் பட்டுத் தெரிந்துகொண்டது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: 30 மீட்டர் டேப், ஓரளவு நல்ல கேமரா உள்ள போன், ஒரு கெட்டி அட்டை ஃபைல், கட்டடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் குடியிருக்கும் ஒரு ஆள். கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். எட்டாவது பகுதிக்கு வரும்போது ஏன் என்று தெரியும்.

1. எந்தக் கதவைத் தட்டுவது என்று முடிவு செய்யுங்கள்

சட்டப்படி பாதுகாப்பு தரும் கதவுகள் இரண்டு. ஒன்று, இந்தியத் தொல்லியல் துறை. இது 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்கீழ், தேசிய முக்கியத்துவம் உள்ள, குறைந்தது 100 ஆண்டு பழமையான சின்னங்களை எடுக்கும். தஞ்சைப் பெரிய கோயிலும் தாராசுரமும் இதில் வரும். டெல்டாவுக்கான அலுவலகம் 2020-இலிருந்து திருச்சி வட்டம்.

இன்னொன்று, தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை. 1966-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம். தலைமையகம் சென்னை எழும்பூரில். சரபேந்திரராஜன்பட்டினத்து மனோராவும் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையும் இவர்கள் பொறுப்பு. மராட்டியர் காலத்துச் சத்திரம், மண்டபம், படித்துறை என்றால் இந்தக் கதவுதான். இரண்டு இடத்துக்கும் ஒரே மனுவை அனுப்பிவைக்காதீர்கள். ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று இரண்டு பேரும் விட்டுவிடுவார்கள்.

அங்கீகாரம் போலத் தெரிந்தும் சட்டக் காவல் தராதவை சில உண்டு. இன்டாக் போன்ற தன்னார்வப் பாரம்பரிய அமைப்பின் பட்டியலில் இடம்பெறுவது, சுற்றுலாத் துறை வைத்த பலகை, பத்திரிகையில் வந்த முழுப்பக்கக் கட்டுரை. மனுவோடு இணைக்க இவை உதவும். இடிக்க வருகிறவரைத் தடுக்க உதவாது.

வழிபாட்டில் இருக்கும் கோயிலும் அதன் மண்டபமும் பெரும்பாலும் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் இருக்கும். அங்கே பிரச்சினை இடிப்பைவிடத் திருப்பணிதான். பழைய கோயில்களில் திருப்பணி செய்ய வல்லுநர் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதனால் மனு முதலில் அந்தத் துறையின் இணை ஆணையருக்குப் போக வேண்டும், நகல் தொல்லியல் துறைக்கு. பள்ளிவாசல், தர்கா என்றால் வக்பு வாரியத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

2. சர்வே எண் இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்காதீர்கள்

அரசுக் கோப்பில் உங்கள் சத்திரத்துக்குப் பெயர் கிடையாது. அது ஒரு புல எண் (சர்வே எண்தான்), ஓர் உட்பிரிவு, ஒரு பரப்பளவு. "பெரிய ஆலமரத்துக்கு எதிரே உள்ள சத்திரம்" என்று எழுதினால் பிரிவு எழுத்தரால் அதை எந்தப் பதிவேட்டிலும் தேட முடியாது.

அரசின் இ-சேவை தளத்தில் அ-பதிவேடு (கிராமத்தின் நிலப் பதிவேடு), பட்டா, புல வரைபடம் மூன்றையும் எடுங்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை மாதிரி நகரங்களுக்குள் இருந்தால் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று தேட வேண்டும். கிராமப் புல எண் அங்கே செல்லாது.

அப்புறம் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பழைய பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர் என்ற நிலப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல இடங்களில் வகைப்பாடு மாறிப்போனது. பழைய பதிவேட்டில் "சத்திரம்" என்று இருக்கும், புதியதில் வெறும் "அரசு புறம்போக்கு" என்றோ பக்கத்து வீட்டுக்காரர் பெயரிலோ இருக்கும். நான் பார்த்த ஒரு சத்திரத்தில் சமையல்கட்டு மட்டும் தனியார் பட்டாவில் இருந்தது. இது இப்போதே தெரிந்தால் வருவாய்த் துறையில் திருத்த மனு போடலாம். பின்னால் தெரிந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் கிடைக்கும்.

தஞ்சைச் சத்திரங்கள் பலவும் மாவட்ட ஆட்சியரின் கீழ் உள்ள சத்திரம் நிர்வாகத்தில் இருப்பவை. நீடாமங்கலம், ஒரத்தநாடு, ராஜாமடம் என்று ராமேசுவரம் போகும் வழியெல்லாம் இருக்கும் அரண்மனைச் சத்திரங்களை நினைத்துப் பாருங்கள். உங்களுடையதும் அந்தக் கணக்கில் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். வந்தால் பாதி வேலை மிச்சம், ஏனென்றால் உரிமையாளர் அரசேதான்.

இன்னொன்று. குளமும் நந்தவனமும் பெரும்பாலும் வேறு புல எண்ணில் இருக்கும். கட்டடத்தின் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டுக் குளத்தை மறந்தவர்கள் நிறைய பேர்.

3. கட்டடத்தை இன்றைய நிலையிலேயே பதிவு செய்யுங்கள்

சுத்தம் செய்த பிறகு படம் எடுக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். முதலில் படம், பிறகு எதுவும். சுவரில் வேர் விட்ட அரசங்கன்றைப் பிடுங்கினால் செங்கலும் சேர்ந்து வரும். பிடுங்கிய இடம் உங்கள் கணக்கில் எழுதப்படும்.

நான்கு பக்கமும் தூரத்திலிருந்து, பிறகு ஒவ்வொரு அறை, பிறகு தூண், கதவு நிலை, சுதை வேலை, கூரையின் அடிப்பக்கம். நெருக்கமான படம் ஒவ்வொன்றிலும் ஓர் அடி ஸ்கேல் தெரியட்டும். ஸ்கேல் இல்லாத படத்தில் ஒரு தூண் ஆள் உயரமா அரை ஆள் உயரமா என்று எழும்பூரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும்போது ஒரு முறை போய்க் கூரை எங்கே ஒழுகுகிறது என்று எடுத்துவையுங்கள். கோடையில் போனால் கட்டடம் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும்.

கல்வெட்டு இருந்தால் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எடுங்கள், எழுத்து தானாக எழுந்து நிற்கும். எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தடவுவது, எண்ணெய் பூசுவது, கம்பியால் சுரண்டுவது எல்லாம் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் நாசம். மைப்படி, அதாவது கல்வெட்டைத் தாளில் மையால் ஒற்றி எடுப்பதைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள். தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் துறையே இருக்கிறது.

கடைசியாக டேப் பிடித்து ஒரு தரைப்படம். அழகாக இருக்க வேண்டியதில்லை. நீளம், அகலம், வடக்கு எந்தப் பக்கம், எந்த அறை இடிந்தது. இவ்வளவு போதும்.

4. வயதுக்குக் காகிதம் தேடுங்கள்

"ஆயிரம் வருடப் பழமை" என்று ஊரார் சொல்வதை அப்படியே எழுதிவிடாதீர்கள். ஆய்வுக்கு வரும் அலுவலர் செங்கலைப் பார்த்த மாத்திரத்தில் காலம் சொல்லிவிடுவார். ஒரு பொய் தெரிந்தால் மீதி மனுவையும் அதே கண்ணோடுதான் படிப்பார். 200 ஆண்டு என்பதே போதுமான வயது.

தேட வேண்டிய இடம் முதலில் கட்டடமேதான். நிலைக்கல், கிணற்று விளிம்பு, குளத்துப் படி. அங்கே ஆண்டு எழுதியிருந்தால் அது எந்த ஆண்டு என்று பாருங்கள். ஆங்கில ஆண்டு தெரிய, சக ஆண்டோடு 78 கூட்ட வேண்டும். பசலி என்ற வருவாய்த் துறை ஆண்டோடு 590. ஒரு குழு படியில் இருந்த "1220"-ஐப் பார்த்துவிட்டுச் சோழர் காலத்துச் சத்திரம் என்று துண்டறிக்கையே அடித்துவிட்டது. எண்ணுக்கு முன்னால் தேய்ந்துபோன எழுத்து "பசலி". கணக்குப் போட்டால் 1810, இரண்டாம் சரபோஜி காலம்.

தஞ்சை மராட்டியர் நிர்வாகக் கணக்குகள் மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கித் தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. சத்திரத்துக்கு அரிசி அளந்த கணக்கு, மானிய நிலம், வேலையாள் சம்பளம் என்று ஏதாவது ஒரு வரி கிடைத்தால் தங்கம். கோயிலை ஒட்டிய மண்டபம் என்றால் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஊர் பெயரைத் தேடுங்கள். ஊரின் பழைய பெயரிலும் தேடுங்கள்.

ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் கட்டடத்தின் உடம்பே சாட்சி. மெல்லிய பட்டைச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மெட்ராஸ் டெரஸ் கூரை (மரச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது), கருங்கல் தூண் என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

5. ஊரின் வாயிலிருந்து ஒரு தீர்மானம்

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒரு வாரம் முன்பே ஊராட்சித் தலைவரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அன்றைக்குப் போய் எழுந்து நின்று பேசினால் கைதட்டுவார்கள், பதிவேட்டில் ஏறாது.

தீர்மானத்தில் புல எண் இருக்க வேண்டும். எண்ணோடு நகல் வாங்குங்கள். பேரூராட்சி, நகராட்சி என்றால் உங்கள் வார்டு உறுப்பினர் மூலம் மன்றத் தீர்மானம்.

கூட்டத்துக்கு முன் பக்கத்து வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிடுங்கள். "சின்னமாக அறிவித்துவிட்டால் நாங்கள் கக்கூஸ் கூடக் கட்ட முடியாதாமே" என்பது நான் போன எல்லா ஊரிலும் கேட்ட கேள்வி. மத்தியப் பாதுகாப்புச் சின்னத்தில் இந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டு. 2010 திருத்தத்தின்படி சுற்றிலும் 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் அனுமதி பெற்றுக் கட்ட வேண்டிய பகுதி. மறைக்காமல் சொல்லுங்கள். பாதி தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர்தான் நாளை முதல் ஆட்சேபணை போடுகிறவர்.

6. மனு: இரண்டு பக்கம், அதற்கு மேல் வேண்டாம்

அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற வழக்கமான அமைப்பில் எழுதுங்கள். பெறுநர் தொல்லியல் துறையின் தலைமை அலுவலகம். நகல் மாவட்ட ஆட்சியருக்கு. பொருள் வரி இப்படி இருக்கலாம்:

"தொல்லியல் – ... மாவட்டம், ... வட்டம், ... கிராமம், புல எண் .../... – பழைமையான சத்திரம் – 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக."

இந்த ஒரு வரியைப் படித்த உடனே கோப்பு எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று தபால் பிரிவில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். நம் முன்னோர் பெருமையில் தொடங்கும் மனு, பண்பாடு, சுற்றுலா, செய்தி என்று மூன்று துறை சுற்றிவிட்டு வரும்.

உள்ளே நான்கு பத்தி: எங்கே இருக்கிறது, யாருக்குச் சொந்தம், என்ன வயது, என்ன ஆதாரம், இப்போது என்ன நிலை, என்ன கேட்கிறீர்கள். கேட்பதில் கலக்காதீர்கள். "பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க வேண்டும்" என்பதோடு "சுற்றுச்சுவர் கட்டித்தர வேண்டும், பூங்கா அமைக்க வேண்டும், பேருந்து நிறுத்தம் வேண்டும்" என்று சேர்த்தால், எளிதாக முடிகிற பேருந்து நிறுத்தத்துக்குப் பதில் அனுப்பிவிட்டு மனுவை முடித்துவிடுவார்கள்.

ஆட்சியருக்கான நகலைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுங்கள். அங்கே மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அந்தச் சீட்டை ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.

7. மனு போன பிறகு

ஒரு மாதம் சும்மா இருங்கள். பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய விண்ணப்பம், 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள். ஏன் என்பதற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. "எனது இந்த நாளிட்ட மனு எந்தக் கோப்பு எண்ணில் உள்ளது, இன்று எந்த நிலையில் உள்ளது, அதன் குறிப்புப் பக்கங்களின் நகல் தருக" என்று கேளுங்கள். குறிப்புப் பக்கத்தில்தான் விஷயம் இருக்கும்.

ஆய்வுக்கு வருகிறோம் என்று போன் வந்தால் சாவி யாரிடம் என்பதை அன்றே உறுதி செய்துவிடுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அலுவலர் மறுபடி எப்போது வருவார் என்று யாரும் சொல்ல முடியாது. வரவேற்புக்குச் சுண்ணாம்பு அடித்துவைக்கவும் வேண்டாம். ஓர் ஊரில் பாசத்தோடு சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசிவைத்திருந்தார்கள். உள்ளே பழைய சாந்து எது என்று காட்ட, வந்தவர் முன்னாலேயே பெயர்க்க வேண்டியதாயிற்று.

இதற்கு நடுவில் இடிக்க ஏற்பாடு நடந்தால்? மழைக்காலத்துக்கு முன் பழுதடைந்த கட்டடங்களைப் பட்டியல் எடுப்பார்கள், அதில் உங்கள் சத்திரம் ஏறிவிடும். பொக்லைன் வந்த பிறகு அதன் முன்னால் நிற்பது கடைசி வழி. பட்டியல் தயாராகும்போதே உள்ளாட்சி அலுவலகத்துக்கும் ஆட்சியருக்கும் ஒரு கடிதம் கொடுங்கள்: மனு நிலுவையில் உள்ளது, கோப்பு எண் இது, முடிவு தெரியும்வரை இடிக்க வேண்டாம். கோப்பு எண் இருப்பதால் அதைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். நீதிமன்றம் போக வேண்டியிருந்தால், தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்குச் சென்னை. ஆற்றுக்கு இந்தக் கரையா அந்தக் கரையா என்பதில்கூட வக்கீல் மாறுவார்.

8. அரசிதழும் அந்த இரண்டு மாதமும்

பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். அரசு சம்மதித்துவிட்டால் நேரடியாக அறிவித்துவிடாது. அறிவிக்க உத்தேசித்திருக்கிறோம் என்று முதலில் அரசிதழில் ஓர் அறிவிக்கை வரும். அன்றிலிருந்து இரண்டு மாதம் ஆட்சேபணைக் காலம். மத்தியச் சட்டத்திலும் மாநிலச் சட்டத்திலும் இதே ஏற்பாடுதான். வந்த ஆட்சேபணைகளைப் பரிசீலித்த பிறகே இறுதி அறிவிக்கை.

இரண்டு மாதம் என்பது அறிவிக்கை வெளியான நாளிலிருந்து. நீங்கள் பார்த்த நாளிலிருந்து அல்ல. தமிழ்நாடு அரசிதழ் புதன்கிழமைதோறும் வருகிறது, இடையில் சிறப்பு வெளியீடுகளும் உண்டு. எழுதுபொருள் அச்சுத் துறையின் தளத்தில் வாரம் ஒருமுறை ஒருவர் பார்க்க வேண்டும். முறை போட்டுக்கொள்ளுங்கள்.

அறிவிக்கையின் நகலைச் சின்னத்துக்கு அருகே கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. ஒட்டுவார்கள். ஆடும் கிழிக்கும், மழையும் கரைக்கும், கிழிக்க ஆசைப்படுகிற மனிதர்களும் இருப்பார்கள். நடக்கும் தூரத்தில் ஓர் ஆள் வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்குத்தான். ஒட்டிய அன்றே, அன்றைய நாளிதழையும் சேர்த்துப் பிடித்து ஒரு படம்.

இப்போது அறிவிக்கையின் அட்டவணையை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். கிராமம், புல எண், பரப்பு, நான்கெல்லை. ஒரு ஊரில் கட்டடம் இருந்தது உட்பிரிவு 2-இல், சுமார் 20 சென்ட். அறிவிக்கையில் உட்பிரிவு போடாமல் முழுப் புல எண்ணும் வந்துவிட்டது. அதே எண்ணின் மற்ற உட்பிரிவுகளில் ஒன்பது வீடுகள். இரண்டே நாளில் ஒன்பது பேரும் சேர்ந்து, சின்னமே வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் ஆறு பேர் கிராம சபையில் கை தூக்கியவர்கள்.

அப்படி நடந்தால் பதற வேண்டாம். அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து ஆட்சேபணையைத் திருத்தி எழுதுங்கள்: "சத்திரம் அமைந்துள்ள உட்பிரிவு 2-ஐ அறிவிப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. உட்பிரிவு 1, 3, 4 குடியிருப்புகள். அவற்றை அட்டவணையிலிருந்து நீக்கக் கோருகிறோம். புல வரைபட நகல் இணைக்கப்பட்டுள்ளது." வேண்டாம் என்று சொல்லும் கடிதம் கோப்பை நிறுத்தும். இந்தக் கடிதம் கோப்பைத் திருத்தும்.

ஆதரவாக எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சட்டம் ஆட்சேபணையைத்தான் அழைக்கிறது, ஆனாலும் ஆதரவுக் கடிதம் கோப்பில் சேரும். ஒரே வாசகத்தை நகலெடுத்து நூறு பேர் கையெழுத்திட்டால் அது ஒரு கடிதமாகத்தான் எண்ணப்படும். அதைவிட ஐந்து பேர், ஐந்து வேறு காரணம். அங்கே சமைத்த பாட்டியின் பேரன் ஒரு கடிதம், பள்ளி ஆசிரியர் ஒன்று, மோடி ஆவணத்தில் கணக்கைக் கண்டுபிடித்தவர் ஒன்று. உரிமையாளர் தனியார் என்றால் அவர் ஆட்சேபிப்பார் என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். அவர் சம்மதம் இல்லாமலும் அறிவிக்கலாம், அறிவித்தாலும் சொத்து அவருடையதுதான் என்று அவருக்குப் பொறுமையாகச் சொல்ல ஒரு பெரியவரைப் பிடியுங்கள்.

ஏற்கெனவே மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் பக்கத்தில் குடியிருந்தால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையம் ஒவ்வொரு சின்னத்துக்கும் பாரம்பரிய உபவிதிகளின் வரைவை வெளியிட்டு, 30 நாளுக்குள் மக்கள் கருத்தைக் கேட்கிறது. சுற்றியுள்ள தெருவில் எத்தனை மாடி கட்டலாம் என்பதெல்லாம் அதில்தான் முடிவாகும். டீக்கடையில் புலம்புவதை அந்த 30 நாளில் எழுதி அனுப்பினால் அதற்கு ஒரு பதிவு எண் கிடைக்கும்.

ஒரு கடிதத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: 2015-இல் ஓர் ஆங்கில நாளிதழில் வந்த வாசகர் கடிதத்தைத்தான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. கோயில்கள், நினைவுச் சின்னங்கள் பற்றி 2021 ஜூன் 7-இல் 75 உத்தரவுகள் அதில் வந்தன.

9. இறுதி அறிவிக்கை வந்த வாரத்தில்

பட்டாசு வெடிக்கலாம், கட்டடத்துக்குள் வேண்டாம்.

அரசிதழ்ப் பக்கத்தை நான்கு நகல் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், உள்ளாட்சி அலுவலகம், சார்பதிவாளர் என்று ஆளுக்கொன்று கடிதத்தோடு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். துறையிலிருந்து அவர்களுக்குத் தனியாக வரும்தான், ஆனால் வரும்வரை பக்கத்து மனையைப் பதிவு செய்ய வருகிறவர் காத்திருக்க மாட்டார்.

பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று துறை வைக்கும் நீலப் பலகை வர நாளாகும். அதுவரை உங்கள் கைப்பட எதுவும் செய்யாதீர்கள். வெள்ளையடிப்பு, சிவராத்திரிக்குச் சீரியல் லைட் மாட்ட ஆணி, உள்ளே சிமெண்ட் தளம் எல்லாவற்றுக்கும் இனி துறையின் அனுமதி வேண்டும்.

ஜூலையில் புதுப் பசலி பிறந்ததும் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்துக்கு ஒரு நடை போங்கள். அ-பதிவேட்டில் உங்கள் புல எண்ணுக்கு நேரே, குறிப்புகள் என்ற கடைசிக் கட்டத்தில், அரசாணை எண் ஏறியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ஏறவில்லை என்றால் அங்கேயே உட்கார்ந்து ஒரு மனு.